ஹாலோவீன் தின்பண்டங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 மாலையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் வேடமிட்ட பிள்ளைகள் வீடு வீடாகப் போய் "ட்ரிக் ஆர் ட்ரீட்" (பண்டம் தா, இல்லையேல் குறும்பு செய்வோம்) என்று குரல் கொடுத்துத் தின்பண்டம் வாங்கி வருவார்கள். சில வாரங்களுக்கு முன்பே அடுப்படிகளில் கேரமல் ஆப்பிளும் பாப்கார்ன் உருண்டையும் பேய் முக பிஸ்கட்டும் தயாராகத் தொடங்கிவிடும். கூடவே பண்டங்களைப் பற்றிய எச்சரிக்கைகளும் ஆண்டுதோறும் தவறாமல் வந்து சேரும். இவற்றில் பல, அஞ்ச வேண்டியதை விட்டுவிட்டு வேறெதற்கோ அஞ்சச் சொல்பவை.

"மிட்டாய் கேட்டு வீடு வீடாகப் போவது ஆதிகால வழக்கம்"

பாதிதான் உண்மை. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குவதைக் குறிக்கும் பழைய கெல்டியப் பண்டிகையும், நவம்பர் 1, 2 தேதிகளில் வரும் புனிதர் திருநாளும் இறந்தோர் நினைவு நாளும் ஹாலோவீனின் வேர்கள். இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகச் சென்று, அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகப் பிரார்த்திப்பதாகச் சொல்லிச் சிறு கேக்குகளைப் பெற்றார்கள். ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் வேடமிட்டுப் பாடியோ கதை சொல்லியோ ஆப்பிளும் கொட்டைகளும் வாங்கினார்கள். அயர்லாந்தில் உலர்பழம் போட்ட 'பார்ம்பிராக்' ரொட்டிக்குள் மோதிரம், காசு போன்றவற்றை வைத்துச் சுடுவார்கள். மோதிரம் உள்ள துண்டு கிடைத்தவருக்குக் கல்யாணம், காசு கிடைத்தவருக்குச் செல்வம்.

ஆனால் "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்ற முழக்கத்துடன் தெருவில் இறங்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டுடையது. 1920களில் கனடா செய்தித்தாள்களில் அந்தச் சொற்றொடர் தென்படுகிறது; 1930களில் அமெரிக்காவில் பரவுகிறது. உலகப்போர்க் காலத்தில், 1942 முதல் 1947 வரை, அங்கே சர்க்கரைக்கு ரேஷன் இருந்ததால் வழக்கம் தேங்கியது. போருக்குப் பின் புறநகர்க் குடியிருப்புகள் பெருகியபோது நிலைத்தது. 1950களில்கூடப் பிள்ளைகளின் பையில் விழுந்தவை வீட்டில் செய்த பாப்கார்ன் உருண்டை, பிஸ்கட், ஆப்பிள், வால்நட், சில்லறைக் காசு என்று கலவையாகவே இருந்தன. உறையிட்ட கடை மிட்டாய் மட்டுமே பையை நிரப்பியது 1970கள் அளவில்தான். ஹாலோவீனின் அடையாளமாகவே ஆகிவிட்ட 'கேண்டி கார்ன்' என்ற மூவண்ண மிட்டாயும் அப்படித்தான். 1880களில் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்ததாகச் சொல்லப்படும் இந்த மிட்டாய் ஒருகாலத்தில் 'கோழித் தீவனம்' என்ற வேடிக்கைப் பெயரில் விற்றது. ஹாலோவீனுக்கே உரிய மிட்டாயாக அது மாறியது மிகப் பிந்தி.

"முன்பின் தெரியாதவர் தரும் பண்டத்தில் விஷமோ பிளேடோ இருக்கலாம்"

ஹாலோவீன் அச்சங்களில் ஆழமாக வேரூன்றியது இது. டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 முதல் வெளியான செய்திகளைத் திரட்டி ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். 1985இல் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. பிறகும் ஆண்டுதோறும் பட்டியலைப் புதுப்பித்துவந்தார். அந்நியர் ஒருவர் வாசலுக்கு வந்த பிள்ளைகளுக்கு விஷப் பண்டம் கொடுத்து, அதனால் ஒரு பிள்ளை இறந்தது அல்லது கடுமையாகப் பாதிக்கப்பட்டது என்று உறுதிப்பட்ட நிகழ்வு ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஊசி, பிளேடு பற்றிய புகார்களில் பெரும்பாலானவை பிள்ளைகளே செய்த குறும்பு அல்லது கட்டுக்கதை. உண்மையாக இருந்த சிலவற்றிலும் காயம் லேசானதே.

அச்சத்துக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் மரணங்கள் வேறு கதை சொல்கின்றன. 1970இல் டெட்ராய்ட் நகரில் ஐந்து வயதுச் சிறுவன் ஹெராயினால் இறந்தான். மிட்டாயில் கலந்திருந்ததாக முதலில் செய்தி பரவியது. உறவினர் வீட்டில் மறைத்து வைத்திருந்த போதைப்பொருளைச் சிறுவன் எடுத்துத் தின்றிருந்தான் என்பதும், உண்மையை மறைக்க மிட்டாயில் அது தூவப்பட்டதும் பிறகு வெளிவந்தன. 1974இல் டெக்சாஸில் ரொனால்ட் ஓ'பிரையன் என்பவர் மிட்டாய்ப் பொடியில் சயனைடு கலந்து தன் எட்டு வயது மகனைக் கொன்றார். நோக்கம் காப்பீட்டுப் பணம். பழியை அந்நியர் தலையில் போட ஹாலோவீன் வதந்தி அவருக்கு வசதியாக இருந்தது. 1984இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1982 இலையுதிர் காலத்தில் சிகாகோ பகுதியில் டைலெனால் என்ற வலிநிவாரணி காப்ஸ்யூல்களில் யாரோ சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். அதற்கும் ஹாலோவீனுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் சில வாரங்களில் வந்த பண்டிகையின்மேல் அந்தப் பீதி முழுதாக இறங்கியது. மருத்துவமனைகள் மிட்டாய்ப் பைகளை எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்தன. உலோகம் எக்ஸ்ரேயில் தெரியும், விஷம் தெரியாது என்பதை யாரும் பெரிதாக யோசித்ததாகத் தோன்றவில்லை.

வதந்தியால் உண்மையில் அடிபட்டது வீட்டுப் பண்டம்தான். அக்கம்பக்கத்துக் கைப்பக்குவம் பைகளிலிருந்து மறைந்தது. இன்று அது பெரும்பாலும் உறவினர், நண்பர் வட்டத்துக்குள் சுருங்கிவிட்டது. அந்த மாலையின் மெய்யான ஆபத்து சாலையில் இருக்கிறது. 1975 முதல் 2016 வரையான அமெரிக்க விபத்துப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வொன்று, ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் இறக்கும் அபாயம் அதற்கு ஒரு வாரம் முன்பும் பின்பும் உள்ள மாலைகளைவிட 43% அதிகம் என்று காட்டியது. பண்டத்திலேயே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வேர்க்கடலை, பால் போன்றவற்றின் ஒவ்வாமை: கொடுப்பவர் என்ன சேர்த்தார் என்று சொல்லிவிட வேண்டும். மற்றது, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக்கொட்டை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய் ஆகியவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பது.

"பாகில் முக்கிய ஆப்பிள் கெட்டுப்போகாது"

கேரமலில் நுண்ணுயிர் வளரத் தேவையான ஈரம் மிகக் குறைவு. ஆப்பிளின் புளிப்பும் கிருமிகளுக்கு ஒத்துவராது. ஆகவே இரண்டும் சேர்ந்த பண்டத்தை மேசைமேல் நாள்கணக்கில் வைக்கலாம் என்று நம்பப்பட்டது. 2014 அக்டோபரில் அமெரிக்காவில் லிஸ்டீரியா என்ற கிருமியால் வரும் நோய் பரவத் தொடங்கியபோது அந்த நம்பிக்கை உடைந்தது. 12 மாநிலங்களில் 35 பேர் பாதிக்கப்பட்டனர். ஏழு பேர் இறந்தனர்; அந்த மரணங்களில் குறைந்தது மூன்றில் இந்த நோய்க்குப் பங்கிருந்தது. கடைகளில் விற்ற கேரமல் ஆப்பிள்களே காரணம் என்று தெரிந்தது.

தனித்தனியே பாதுகாப்பான இரண்டு பொருள்கள் சேர்ந்ததும் ஏன் ஆபத்தாயின என்பதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கேத்லீன் கிளாஸ் குழுவினர் 2015இல் விளக்கினர். குற்றவாளி, பிடித்துத் தின்பதற்காக ஆப்பிளில் குத்தும் குச்சி. ஆப்பிளில் குச்சியைக் குத்தியதும் சாறு கசிந்து, பழத்தோலுக்கும் கேரமலுக்கும் நடுவே ஒரு மெல்லிய ஈரப்படலமாகத் தேங்குகிறது. கேரமலின் வறட்சியும் அங்கில்லை, பழத்தின் முழுப் புளிப்பும் அங்கில்லை. தோலில் ஒட்டியிருந்த கிருமிக்கு அது வாகான இடம். குச்சி குத்தி 25 டிகிரி செல்சியஸில் வைத்த ஆப்பிள்களில் மூன்றே நாளில் லிஸ்டீரியா ஆயிரம் மடங்கு பெருகியது. குச்சி இல்லாதவற்றில் வளர்ச்சி தாமதமானது. குச்சி குத்தி 7 டிகிரியில் வைத்தவற்றில் ஒரு வாரம்வரை வளர்ச்சியே இல்லை. அதன்பின் மெல்லத் தொடங்கியது. சூடான பாகில் முக்குவதால் எல்லாக் கிருமியும் செத்துவிடுவதுமில்லை.

வீட்டில் செய்கிறவர்கள் இதற்காகக் கேரமல் ஆப்பிளைக் கைவிட வேண்டியதில்லை. பழத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, செய்த அன்றே தின்பது நல்லது. மீந்தால் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் லிஸ்டீரியா கொடியது. அவர்களுக்கு அப்போதே நறுக்கிய துண்டுகளைக் கேரமலில் தொட்டுக் கொடுப்பதே சரி.

"பாகைக் கிளறிக்கொண்டே இருந்தால்தான் நன்றாக வரும்"

சர்க்கரை கரையும்வரை கிளறலாம். கொதி வந்த பிறகு கிளறினால், பாத்திர ஓரத்தில் ஒட்டிய சர்க்கரைத் துகள் உள்ளே விழுந்து, அதைச் சுற்றி மற்றவை படிகமாகும். பாகு பூத்துப் பொரபொரத்துவிடும். சிறிது எலுமிச்சைச் சாறோ, அமெரிக்கச் சமையலில் எப்போதும் சேர்க்கும் சோளப் பாகோ இதைத் தடுக்கும். புளிப்பு சர்க்கரையின் ஒரு பகுதியை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிக்கிறது. பல வகைச் சர்க்கரை கலந்த கூட்டத்தில் படிகம் எளிதில் அடுக்குக் கட்டாது. வெண்ணெயும் பாலும் சேர்ந்த கேரமலின் நிலை வேறு. அதைக் கிளறாவிட்டால் அடிபிடிக்கும்.

அமெரிக்கச் செய்முறைகள் வெப்பமானியைக் காட்டிப் பயமுறுத்துகின்றன. அதிரசமும் கடலை மிட்டாயும் செய்து பழகிய கைக்கு அது அவ்வளவு தேவையில்லை. தண்ணீரில் விட்ட பாகு மெத்தென்று உருண்டால் ஏறக்குறைய 112 முதல் 116 டிகிரி செல்சியஸ்; சற்று இறுகி உருண்டால் 118 முதல் 120, கேரமலுக்கு அதுதான் பதம். பாப்கார்ன் உருண்டைக்குக் கெட்டி உருட்டுப் பதம், சுமார் 125. செக்கச்சிவந்த கெட்டிப் பாகு பூசிய ஆப்பிளுக்கு 150ஐ ஒட்டிய பதம் வேண்டும். தட்டில் போட்டால் கடலை மிட்டாய்ப் பாகைப்போல 'டங்'கென்று ஒலித்து உடைய வேண்டும்.

"முகம் செதுக்கிய பரங்கிக்காயில் 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டம் செய்யலாம்"

விஷமில்லை, ருசியுமில்லை. ஹாலோவீனுக்கு முகம் செதுக்கி உள்ளே விளக்கேற்றுவதற்காக வளர்க்கும் பெரிய பரங்கி நாரும் நீருமாக இருக்கும்; இரவெல்லாம் மெழுகுவத்தி எரிந்து வெளியில் கிடந்த காயைச் சமைப்பது எப்படியும் கூடாது. அமெரிக்காவில் டப்பாவில் வரும் பரங்கி விழுது 'குக்கர்பிடா மொஸ்காட்டா' என்ற வேறு இனம். தமிழ்நாட்டில் சாம்பாருக்கும் கூட்டுக்கும் போடும் பரங்கியும் பெரும்பாலும் அந்த இனம்தான். 'பை' பண்டத்துக்கு அதுவே பொருத்தம். செதுக்கும்போது வழித்தெடுத்த விதைகளை உடனே கழுவி, உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி வறுத்தால் நல்ல கொறிப்பு.

"சாக்லேட்டில் வெள்ளை படிந்தால் பூஞ்சை பிடித்துவிட்டது"

பண்டிகை முடிந்து மாதக்கணக்கில் கிடந்த சாக்லேட்டில் படியும் சாம்பல் வெண்மை பெரும்பாலும் கோகோ வெண்ணெய்தான். சூட்டில் இளகி மீண்டும் உறையும்போது அது வேறு படிக வடிவில் மேலே வந்து நிற்கிறது. ஈரம் பட்டால் சர்க்கரை கரைந்து மேலே பூப்பதும் உண்டு. இரண்டும் தின்னத் தக்கவையே. பளபளப்பும் மடக்கென்ற முறிவும்தான் போய்விடும். கெட்டியான சாக்லேட்டை இளக்கச் சொட்டுத் தண்ணீர் விடுவதும் பரவலான தவறு. அந்தச் சொட்டே சர்க்கரைத் துகள்களை ஒட்டவைத்துக் குழம்பை மண்போலத் திரித்துவிடும். சிறிது எண்ணெய் விட்டால் இளகும்.

"புகை கிளம்பும் பானம் வெறும் வேடிக்கை"

சூனியக்காரியின் கொப்பரைபோலப் புகைய வைப்பது ட்ரை ஐஸ், அதாவது மைனஸ் 78.5 டிகிரியில் உறைந்த கரியமில வாயு. புகை பார்க்கலாம், துண்டு வாய்க்குள் போகக் கூடாது. போனால் வாயும் குடலும் வெந்துபோகும். பானப் பாத்திரத்தைப் பெரிய பாத்திரத்துக்குள் வைத்து, வெளிப் பாத்திரத்தில் மட்டும் ட்ரை ஐஸ் போடுவதே பாதுகாப்பு. மூடிய புட்டியில் போட்டால் வெடிக்கும், கதவடைத்த அறையில் மூச்சுத் திணறும். இதே வகை வேடிக்கைக்காகத் திரவ நைட்ரஜனில் முக்கி விற்ற 'ஸ்மோக் பிஸ்கட்' பற்றி 2024இல் தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரித்தது.

"இனிப்புத் தின்றால் பிள்ளைகள் ஆட்டம் போடும்"

ஆட்டம் போடுவது நிஜம். காரணம் சர்க்கரை என்பதற்கு ஆதாரமில்லை. சர்க்கரைக்கு எளிதில் ஆட்படுவதாகப் பெற்றோர் கூறிய பிள்ளைகளுக்கே வாரக்கணக்கில் சர்க்கரை மிகுந்த உணவையும் செயற்கை இனிப்பு உணவையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த மார்க் வோல்ரைச் குழுவினர், 1994இல் நடத்தையில் வேறுபாடில்லை என்று அறிவித்தனர். 23 சோதனைகளைத் தொகுத்த 1995ஆம் ஆண்டு ஆய்வும் அதையே சொன்னது. இன்னொரு சோதனை இன்னும் சுவையானது: பிள்ளைகளுக்குச் சர்க்கரை துளியும் இல்லாத பானம் கொடுத்துவிட்டு, சர்க்கரை கொடுத்ததாகத் தாய்மார் சிலரிடம் சொன்னார்கள். அந்தத் தாய்மாருக்குத் தம் மகன் அன்று அதிகம் துள்ளுவதாகத் தெரிந்தது. வேடம், இருட்டு, கூட்டம், தூக்கம் தவறிய இரவு ஆகியவை போதாதா என்ன?

"நாளுக்கு ஒன்றிரண்டாகக் கொடுத்தால் பல்லுக்கு நல்லது"

பல்லுக்கு முக்கியம் எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறோம் என்பது. ஒவ்வொரு முறை இனிப்புப் பட்டதும் வாய்க் கிருமிகள் அமிலம் சுரக்கின்றன. அந்த அமிலம் தணிய ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். பகலெல்லாம் அவ்வப்போது ஒன்று சப்பினால் பல் ஓயாமல் அமிலத்தில் ஊறும். இதற்கு வலுவான சான்று, ஸ்வீடனில் விபெஹோல்ம் மனநலக் காப்பகத்தில் 1940களின் பிற்பகுதியில் நடந்த சோதனை. இடைவேளைகளில் பல்லில் ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்கே சொத்தை மிக அதிகம் வந்தது. சம்மதம் சொல்ல இயலாத நோயாளிகளின் பல்லைக் கெடுத்துப் பெற்ற அறிவு அது என்பதால், முடிவு சரியாயினும் வழி கண்டிக்கத்தக்கதே. வாரத்தில் சனிக்கிழமை மட்டும் பிள்ளைகளுக்கு மிட்டாய் என்ற ஸ்வீடன் வழக்கம் அதன்பின் பரவியது.

ஹாலோவீன் பைக்கும் இது பொருந்தும்: சாப்பாட்டோடு சேர்த்து ஒரே அமர்வில் தின்னட்டும். உலர்திராட்சை ஆரோக்கியமான மாற்று என்று நினைப்பவர்கள் அதுவும் டாஃபியைப்போலப் பல்லிடுக்கில் ஒட்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். சாக்லேட் சீக்கிரம் கரைந்து போய்விடும். புளிப்பு மிட்டாய் தின்றதும் பல் துலக்கினால் அமிலத்தில் இளகிய எனாமல் தேயும். முதலில் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, அரைமணி கழித்துத் துலக்கலாம்.