முதுகுத் தண்டுக்கு மின்சாரம்... மறுபடி நடக்க முடியுமா?

சிலமலையிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். நிழல் மரத்தில் கிளை கழிக்க ஏறிய ஒருவர் வழுக்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பெரிய காயம் இல்லை. ஆனால், "காலு இருக்கிற மாதிரியே தெரியலியே..." என்கிறார்.

ஆறு மாதம் கழித்து வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும். "முதுகுல கரன்ட் வெச்சா எழுந்து நடந்துரலாமாமே! நிலத்தை வித்தாவது பார்த்துருவோமா?"

விற்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

கரன்ட் என்ன செய்கிறது?

தண்டுவடம் சுண்டுவிரல் பருமனுள்ள நரம்புக் கற்றை. முதுகெலும்பு நொறுங்கி அதை நசுக்கினால், மூளையின் கட்டளை கீழே இறங்காது. ஆனால், பலருக்குத் தண்டுவடம் முழுசாக அறுந்துவிடுவதில்லை. சில இழைகள் மிஞ்சியிருக்கும். காலை மடக்கவும் நீட்டவும் தெரிந்த நரம்புக் கூட்டமும் அடிபட்ட இடத்துக்குக் கீழே உயிரோடுதான் இருக்கும். உத்தரவு வராததால் சும்மா கிடக்கிறது, அவ்வளவுதான்!

அங்கே மெல்லிய மின்துடிப்பு கொடுத்தால் அது விழித்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் இழைகள் வழியே வரும் ஈனமான கட்டளையையும் கேட்கத் தொடங்குகிறது. பிசியோதெரபியில் தொடைத் தசைக்கு வைக்கும் கரன்ட் வேறு, இது வேறு.

இதுவரை கிடைத்த பலன்

அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தில், கால்கள் செயலிழந்த ஓர் இளைஞருக்குத் தண்டுவடத்தின் மேல் 16 மின்முனைகள் கொண்ட பட்டையைப் பொருத்தினார்கள். தூண்டுதல் ஓடும்போது நாலு நிமிஷத்துக்கு மேல் தன் காலில் நின்றார். 2011-ல் வெளியான செய்தி இது. அதற்கு முன் 26 மாதங்களில் 170 தடவை பயிற்சி எடுத்தவர் அவர்! 2018-ல் சுவிட்சர்லாந்தில் மூன்று பேர் ஊன்றுகோல், நடைவண்டி உதவியோடு நடந்தார்கள்.

கைக்கு அறுவை இல்லாத முறையே வந்திருக்கிறது. கழுத்துப் பின்புறத் தோலில் மின்முனை ஒட்டி, கூடவே பயிற்சி. 60 பேரிடம் சோதித்ததில் 72 சதவிகிதம் பேருக்குக் கை வலுவும் செயலும் கூடின. 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி கொடுத்தது.

நடக்க வைக்கும் அறுவை முறை இன்னும் ஆராய்ச்சிதான். யாராவது 'உறுதியாக நடக்க வைக்கிறோம்' என்றால், "இது ஆராய்ச்சியா, சிகிச்சையா?" என்று கேளுங்கள். ஆராய்ச்சியில் சேருகிறவரிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது.

நம்மூர்ப் பாடம்

1954-ல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர் வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாக இருந்தார். கரன்ட் இல்லாத காலத்திலேயே வாழ்க்கை நின்றுவிடவில்லை!

நீங்கள் செய்ய வேண்டியது

* விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

* தூக்கியே ஆகவேண்டுமென்றால் நாலைந்து பேர் சேர்ந்து, தலை, கழுத்து, இடுப்பு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பலகைக்கு மாற்றுங்கள். கழுத்தின் இரு பக்கமும் துண்டைச் சுருட்டி வையுங்கள். ஜீப் சீட்டில் மடக்கிப் போட்டால், மிஞ்சிய இழைகளும் போய்விடலாம்.

* வீட்டுக்கு வந்தபின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். பிட்டம், குதிகால் சிவக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

* டாக்டர் சொன்ன நேரத்தில் சுத்தமான குழாய் மூலம் சிறுநீரை வெளியேற்றுங்கள்.

* தினமும் மூட்டுகளை மடக்கி நீட்டிவிடுங்கள்.

நாளைக்கு இந்த சிகிச்சை நம் பக்கம் வந்தாலும், புண் இல்லாத தோலும் இறுகாத மூட்டும் கெடாத சிறுநீரகமும் உள்ளவருக்குத்தான் அது முழுசாகப் பயன்படும். அவற்றைக் காப்பாற்ற நிலத்தை விற்க வேண்டியதில்லை.