கறுப்பு நதி மீன்களுக்கு ஒரு தொட்டி

கடையின் முகப்பில் கண்ணாடி மீன் தொட்டி வைப்பது நம் வணிகர்களிடையே நெடுநாளாக உள்ள பழக்கம். நகைக் கடை, ஜவுளிக் கடை, மருந்துக் கடை என்று எங்கும் காண்கிறோம். குழந்தையோடு வரும் வாடிக்கையாளர் பத்து நிமிடம் கூடுதலாக நிற்கிறார். வாஸ்துவுக்காக வைப்போரும் உண்டு. ஆனால் அந்தத் தொட்டிக்குள் பார்த்தால் நீலச் சாயம் பூசிய கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து குமிழி விடும் பொம்மை, அவற்றுக்கு நடுவே இரண்டு தங்க மீன், நான்கு டைகர் பார்ப், ஒரு ஏஞ்சல், அரை டஜன் டெட்ரா, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒரு 'டேங்க் கிளீனர்'.

இவை ஓரிடத்து மீன்கள் அல்ல. தங்க மீன் சீனத்தில் வளர்த்தெடுத்த கெண்டை வகை. குளிர்ந்த நீரை விரும்புவது, கழிவும் அதிகம். டைகர் பார்ப் சுமத்ரா, போர்னியோ பக்கத்தது. பிற மீன்களின் துடுப்பைக் கடிக்கும் குணம் உடையது. டெட்ராவும் ஏஞ்சலும் தென் அமெரிக்காவின் மென்மையான, வெதுவெதுப்பான நீரைச் சேர்ந்தவை. பெருங்காய மூட்டையையும் தேயிலைப் பெட்டியையும் ஒரே அறையில் அடுக்கும் வியாபாரி நம்மில் யாரும் இல்லை. மீன் விஷயத்தில் மட்டும் அதைத்தான் செய்கிறோம். இரண்டு மாதத்தில் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். வாங்கியவர் மறுபடி வாங்குவார், மூன்றாம் முறை தொட்டியைக் காலி செய்து பரண்மேல் போட்டுவிடுவார். மீன் விற்கும் உறுப்பினர்களுக்கு அதோடு ஒரு வாடிக்கையாளர் போனார் என்று பொருள்.

இதற்கு மாற்றாக, ஒரே நீரில் பிறந்த மீன்களை அந்த நீரைப் போன்ற அமைப்பிலேயே வைக்கும் முறை ஒன்று உண்டு. எடுத்துக்காட்டாகத் தென் அமெரிக்காவின் ரியோ நெக்ரோ ஆற்றை எடுத்துக்கொள்வோம்.

நெக்ரோ என்றால் கறுப்பு. இந்த ஆறு பிரேசில் நாட்டு மனாவ்ஸ் நகருக்கு அருகே வண்டல் நிறைந்த சோலிமோயஸ் ஆற்றோடு சேர்கிறது. ஒருபுறம் வரக்காப்பி நிறம், மறுபுறம் பால் விட்ட காப்பி நிறம். பல கிலோமீட்டர் தூரம் இரண்டும் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதைக் காணவே சுற்றுலாப் பயணிகள் படகேறுகின்றனர். கறுப்புக்குக் காரணம் அழுக்கு அல்ல. மணற்பாங்கான நிலத்தில் வளர்ந்த காட்டின் இலையும் சருகும் ஊறிய சாறு அது. உப்பும் சுண்ணாம்பும் ஏறக்குறைய இல்லாத நீர். பி.எச். அளவு பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையே நிற்கும். நம் கைக்கு அடக்கமான டி.டி.எஸ். மானியை அதில் வைத்தால் 10ஐ ஒட்டித்தான் காட்டும். நம் ஊர் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அது 800ஐயும் 1000ஐயும் தாண்டுவதை நாம் அறிவோம்.

மழைக்காலத்தில் இந்த ஆறு கரையை மீறிக் காட்டுக்குள் புகுந்துவிடும். மனாவ்ஸில் ஆண்டின் தாழ்ந்த மட்டத்துக்கும் உயர்ந்த மட்டத்துக்கும் சுமார் 10 மீட்டர் வேறுபாடு உண்டு. வெள்ளம் பல மாதம் நிற்கும் இந்தக் காட்டை அங்குள்ளோர் இகப்போ என்கின்றனர். மரத்தின் அடியும் வேரும் விழுந்த கிளையும் சருகுமே அங்கு மீனுக்கு வீடு. செடி மிகக் குறைவு, வெளிச்சமும் குறைவு. அந்த இருட்டில் ஒருவரை ஒருவர் அடையாளம் காணத்தான் கார்டினல் டெட்ராவுக்கு அந்த மின்னும் நீலக் கோடு பயன்படுகிறது போலும்.

மனாவ்ஸிலிருந்து ஆற்றின் மேல்புறம் சுமார் 400 கிலோமீட்டரில் பார்செலோஸ் என்ற ஊர் உள்ளது. பியாபெய்ரோ எனப்படும் மீன்பிடிப்போர் சிறு ஓடத்தில் போய்க் கைவலையால் கார்டினலை அள்ளி, ஆற்றுப் படகில் மனாவ்ஸுக்கு அனுப்ப, அங்கிருந்து விமானத்தில் உலகெங்கும் போயிற்று. அவ்வட்டார மக்களின் பிழைப்பில் பெரும்பங்கு பல ஆண்டுகள் இந்த இரண்டு அங்குலத்துக்கும் குறைவான மீனை நம்பியே இருந்தது. நீர் வற்றும்போது குட்டைகளில் சிக்கி ஏராளமான கார்டினல்கள் தாமாகவே மடிந்துவிடுவதால், அளவோடு பிடிப்பதால் இனம் அழியாது என்பது ஆய்வாளர்கள் கருத்து. மீன் விலைபோகும் வரை காட்டை வெட்டவும் தேவையில்லை. இதை வலியுறுத்த 1989ல் தொடங்கியது பியாபா திட்டம். ஆனால் ஆசிய நாடுகளிலும் ஐரோப்பாவிலும் பண்ணையில் பொரித்த கார்டினல் வந்த பிறகு பார்செலோஸின் வியாபாரம் சரிந்தது. 2014ல் ரியோ நெக்ரோ அலங்கார மீன்களுக்குப் பிரேசில் புவிசார் குறியீடு வழங்கியது. காஞ்சிப் பட்டுக்கு நாம் எதற்காகக் குறியீடு கேட்டோமோ அதே காரணம்தான்.

பண்ணை மீனை விற்பதில் தவறில்லை. நம் ஊர் நீருக்கு அதுவே சற்றுப் பழகியும் இருக்கும். ஆனால் பண்ணை மீனைக் காட்டு மீன் என்றும், நியானைக் கார்டினல் என்றும் பில் போடுவது சரியல்ல. கார்டினலில் சிவப்புக் கோடு தலைமுதல் வால்வரை ஓடும். நியானில் பின்பாதியில் மட்டுமே இருக்கும். நியான் மேல் அமேசானைச் சேர்ந்தது, சற்றுக் குளிர்ந்த நீரை ஏற்பது. கார்டினலுக்குப் பெயர் வைத்த கதையும் வியாபாரிக்குச் சுவையானது. 1956 பிப்ரவரியில் இரு குழுவினர் தனித்தனியே இதற்கு அறிவியல் பெயர் வெளியிட்டனர். ஒரே ஒரு நாள் முந்தி அச்சேறிய பெயரே நிலைத்தது.

தொட்டியும் நீரும்

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி ஆரம்பத்துக்குப் போதும். கணக்குப்படி 190 லிட்டர். மணலும் கட்டையும் போக, விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் 160 லிட்டர் நிற்கும். கண்ணாடி, மணல், தாங்கி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய கால் டன் எடை. ஷோகேஸ் மேலோ பிளைவுட் மேசை மேலோ வைக்கக் கூடாது. வெயில் நேராக விழும் வாசல் பக்கமும் வேண்டாம். தொட்டியின் அடியில் தெர்மாகோல் தகடு விரித்தால் சிறு மேடுபள்ளம் கண்ணாடியை உடைக்காது.

அடியில் இரண்டு அங்குலம் மெல்லிய மணல். கடையில் வாங்கும் மணலில் ஒரு பிடி எடுத்து எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிப் பார்க்க வேண்டும். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்தது. அது நீரைக் கடினமாக்கிக்கொண்டே இருக்கும். கிளிஞ்சல், பவளம், பளிங்குக் கல் எதுவும் இதே காரணத்தால் ஆகாது.

மணல் மேல் காய்ந்து முற்றிய மரக்கட்டையும் கிளைத்த வேரும். கடைகளில் டிரிஃப்ட்வுட் என்று கிடைப்பதைக் கொதிக்க வைத்து, மூழ்கும்வரை வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். பச்சை மரம், பால் வடியும் மரம், பிசின் உள்ள மரம் கூடாது. அதன்மேல் சருகு. நம் தெருவோரத்தில் நிற்கும் நாட்டுவாதுமை மரத்தின் தானாக உதிர்ந்து சிவந்த இலை இதற்கு மிகவும் ஏற்றது. அம்மரம் ஆசியாவைச் சேர்ந்தது, அமேசானுக்கு உரியதல்ல. ஆனால் செய்யும் வேலை அதேதான், செலவும் இல்லை. மருந்து தெளித்த மரமா, சாக்கடை ஓரத்து இலையா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுவிக் காயவைத்த இலை எட்டுப் பத்துப் போட்டால் சில நாளில் நீர் வெளிர்த் தேநீர் நிறம் பெறும். பார்க்க வருவோர் "தண்ணீர் மாற்றவில்லையா?" என்று கேட்பார்கள். பக்கத்தில் ஒரு சிறு அட்டை எழுதி வைப்பது நல்லது. வடிகட்டியில் கரி போடக் கூடாது. கரி இந்த நிறத்தை உறிஞ்சிவிடும்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. கடினமான கிணற்று நீரில் எத்தனை இலை போட்டாலும் நிறம் மாறுமே தவிர பி.எச். இறங்காது. அந்த நீரில் உள்ள சுண்ணாம்பு, அமிலத்தை உடனுக்குடன் தின்றுவிடும். முதலில் நீர் மென்மையாக வேண்டும். அதற்கு ஆர்.ஓ. நீர் அல்லது சுத்தமான மொட்டை மாடியில் முதல் மழை கழுவிப் போனபின் பிடித்த நீர் ஏற்றது. கிணற்று நீர் 800, ஆர்.ஓ. நீர் 20 என்றால், ஒரு குடம் கிணற்று நீருக்கு ஒன்பது குடம் ஆர்.ஓ. சேர்த்தால் 98 வரும். கார்டினலுக்கு 50 முதல் 100 வரை, பி.எச். 6ஐ ஒட்டி இருந்தால் தாராளம். நதியின் அளவையே அப்படியே கொண்டுவர முயல வேண்டியதில்லை. அமிலப் பாட்டிலை வாங்கி ஊற்றி ஒரே நாளில் இறக்குவது மீனைக் கொல்லும் வழி. நகராட்சிக் குழாய் நீரானால் குளோரின் நீக்கச் சோடியம் தயோசல்பேட் துளி மருந்து சேர்க்க வேண்டும்.

நான்கு வாரக் காத்திருப்பு

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் கசப்பான பகுதி இது. தொட்டி, மணல், நீர், மீன் அனைத்தையும் ஒரே நாளில் வண்டியேற்றி அனுப்புவது நம் தொழிலில் வழக்கமாகிவிட்டது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டிப் பஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குமுன் மீன் விட்டால் தன் கழிவிலேயே மூச்சுத் திணறி மடியும். 'கை ராசி இல்லை' என்பதன் உண்மைப் பொருள் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே முதல் நாள் தொட்டியும் சாமானும் மட்டும் விற்க வேண்டும். காலித் தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகைத் தீனி போட்டு வர வேண்டும். நோயில்லாத பழைய தொட்டியின் பஞ்சைப் புது வடிகட்டியில் பிழிந்து விட்டால் காலம் குறையும். அமில நீரில் இந்த நுண்ணுயிர்கள் மந்தமாகவே பெருகும் என்பதால், இலையை முதல் நாளே கொட்டாமல் மூன்றாம் வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது நலம். சோதனைத் துளியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி காட்டிய பிறகே மீன். "இன்றே மீன் வேண்டும், இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போகிறேன்" என்பவர் போகட்டும். மூன்று மாதத்தில் அவர் யாரைத் திட்டுவார் என்பது நமக்குத் தெரியும்.

எந்த மீன், எத்தனை

160 லிட்டருக்குக் கார்டினல் 25 வரை விடலாம். ஐந்தாறாக விட்டால் பயந்து மூலையில் ஒதுங்கும்; கூட்டமாக விட்டால்தான் அதன் அழகு. மேல்மட்டத்துக்கு மார்பிள் ஹாட்செட் 8. இது துள்ளும் மீன், ஆகவே இடைவெளி இல்லாத மூடி கட்டாயம். அடிமட்டத்துக்குக் கோரிடோராஸ் 6. மணலைக் கிளறி உண்ணும், கூரிய கல் இருந்தால் அதன் மீசை தேய்ந்துவிடும். ரியோ நெக்ரோவுக்கே உரிய அடோல்ஃபாய் கோரி நம் சந்தையில் எளிதில் கிடைப்பதில்லை. வெண்கலக் கோரி அந்த ஆற்று மீன் அல்ல என்றாலும் இந்த நீரில் வாழும். கண்டிப்பானவர்கள் ஏற்கமாட்டார்கள், நாம் ஏற்கிறோம். கட்டை மறைவில் அபிஸ்டோகிரம்மா ஒரு ஜோடி விட்டால் தொட்டிக்குத் தனிக் களை. எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்காமல் இரண்டு வார இடைவெளியில் விட வேண்டும்.

கார்டினலில் பாதியைக் குறைத்து ரம்மிநோஸ் டெட்ரா 10 சேர்ப்பவர்களும் உண்டு. நீர் கெட்டாலோ மீன் மிரண்டாலோ அதன் மூக்குச் சிவப்பு வெளிறிவிடும். மானி வாங்காதவர்களுக்கு அதுவே மானி.

ஏஞ்சல் இதே ஆறுகளில் உள்ளதுதான். ஆனால் வளர்ந்த ஏஞ்சல் கார்டினலை விழுங்கும். அங்கும் அதைத்தான் செய்கிறது. ஒரே ஆற்றில் பிறந்ததால் ஒன்றை ஒன்று தின்னாது என்று பொருளல்ல. கப்பியும் தென் அமெரிக்க மீன்தான், ஆனால் கடின நீரை விரும்புவது. ஆகவே கண்டத்தைப் பார்க்காமல் நீரைப் பார்க்க வேண்டும். ஆஸ்கார் தொட்டியையே தன் சொத்தாக்கிக்கொள்ளும். குட்டிப் பருவத்தில் பிரானா என்று சொல்லி விற்கப்படும் ரூப்சந்த் கிலோக்கணக்கில் வளரும். டேங்க் கிளீனர் ஒன்றரை அடியைத் தொடும், தொட்டியைச் சுத்தமும் செய்யாது. பெரிதானதும் ஏரியில் விட்டவர்களால் அது தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வளர்க்க முடியாத மீனைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கடைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏரிக்குப் போகாது.

வந்த பையை அவிழ்க்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமமாக்க வேண்டும். பிறகு பையைத் திறந்து, தொட்டி நீரைச் சிறுகுழாயில் துளித்துளியாக ஒரு மணி நேரம் சேர்த்து, வலையால் மீனை மட்டும் எடுத்து விட வேண்டும். பை நீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

வெப்பம் 26 முதல் 29 டிகிரி வரை. சமவெளியில் பெரும்பாலும் ஹீட்டர் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானல் உறுப்பினர்களுக்கும் இரவும் பகலும் ஏ.சி. ஓடும் கடைகளுக்கும் தேவை. சித்திரை வெயிலில் நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு மின்விசிறி வீசினால் இரண்டு டிகிரி குறையும். மின்தடைக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். விளக்கு மங்கலாக எட்டு மணி நேரம் போதும்.

வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை எடுத்து, அதே அளவில் கலந்து வைத்த நீரை ஊற்றுவதோடு பராமரிப்பு முடிகிறது. பஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல், எடுத்த தொட்டி நீரிலேயே அலச வேண்டும். தீனி இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு. பொங்கலுக்கு மூன்று நாள் கடை அடைத்தால் தீனி போடாமலே போகலாம், ஒன்றும் ஆகாது. கடைப் பையனிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதைவிட அது பாதுகாப்பு.