தலைமை நிர்வாகியை நீக்கினால் அறிவிக்கும் முறை

ஒரு ஸ்தாபனத்தின் தலைமை நிர்வாகியை நீக்கும் அதிகாரம் அதன் நிர்வாக சபைக்கு உண்டு என்பதை அங்கத்தினர் அறிவர். நீக்கிய செய்தியை எவருக்கு, எப்போது, எவ்வளவு சொல்லுவது என்பதிலேதான் பெரிய ஸ்தாபனங்களும் இடறுகின்றன.

2016-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி மும்பையில் கூடிய டாடா சன்ஸ் டைரக்டர்கள் சபை, தன் தலைவர் சைரஸ் மிஸ்திரியை நீக்கி, ரத்தன் டாடாவை இடைக்காலத் தலைவராக அமர்த்தியது. அன்று வெளியான அறிக்கை மிகச் சுருக்கமானது. நீக்கத்திற்குக் காரணம் அதில் இல்லை. மறுநாள் மிஸ்திரி டைரக்டர்களுக்கு எழுதிய நீண்ட கடிதம் விரைவிலேயே பத்திரிகைகளுக்கு எட்டிவிட்டது. ஆகவே உலகம் முதலில் விரிவாகக் கேட்டது நீக்கப்பட்டவரின் தரப்பையே. கம்பெனி தன் தரப்பை விரிவாக வெளியிட்டபோது நவம்பர் 10-ஆம் தேதி ஆகிவிட்டது. பின்னர் வழக்கு வளர்ந்தது. 2019 டிசம்பரில் கம்பெனிச் சட்ட அப்பீல் தீர்ப்பாயம் நீக்கம் செல்லாது என்றது. 2021 மார்ச் 26-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. சபை இறுதியில் வென்றது. ஆயினும் காரணத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் இத்தனை வதந்திக்கு இடமிருந்திராது என்பதே நம் அபிப்பிராயம்.

நம் சங்கங்களில் காரியதரிசியை நீக்க நேர்ந்தால், மகாராஜபுரம் போன்ற ஊரில் தீர்மானத்தின் மை உலருமுன் செய்தி கடைத்தெருவைச் சேர்ந்துவிடும். ஆதலின் தீர்மானம் நிறைவேறிய அன்றே, முதலில் அவரிடம் நேரில் சொல்லி, எழுத்து மூலமும் கொடுத்துவிட வேண்டும். தம் நீக்கத்தை டீக்கடையில் கேட்கும் நிலை எவருக்கும் வரலாகாது. அடுத்து சிப்பந்திகள், அன்று மாலைக்குள் அறிவிப்புப் பலகை.

அறிவிப்பில் காரணத்தை ஒரு வாக்கியத்திலேனும் கூற வேண்டும். ஆனால் விசாரணை முடியுமுன் ‘கையாடல்’ என்று எழுதலாகாது. ‘கணக்கு விசாரணை நடைபெறுகிறது’ என்பதே போதும். தற்காலிக நீக்கத்தைப் பணிநீக்கம் என்று எழுதுவதும் தவறு. இவ்விரண்டும் சங்கத்தைக் கோர்ட்டுக்கு இழுக்கக்கூடிய பிழைகள்.

நெசவாளருக்கு முதற்கவலை வேறு: கூலி நாளன்று செக்கில் கையொப்பமிடுபவர் யார்? தென்னந்தோப்புக்காரருக்கோ, உரக்கடன் மனு என்னவாகும்? பொறுப்பேற்பவர் பெயரும் கூலி நாளும் அறிவிப்பின் முதல் வரிகளிலேயே இடம்பெறுவது நலம். கையொப்பம் மாறிய விவரம் அன்றே பாங்கிக்கும் செல்ல வேண்டும். ரொக்கம், சாவி, நூல் இருப்பு ஆகியவற்றை இரு தரப்பும் கையொப்பமிட்டு ஒப்படைத்த பட்டியலின் நகலையும் பலகையில் ஒட்டிவிடலாம்.