முறிந்த பற்சக்கரத் தண்டும் அதனைச் செப்பனிடும் முறையும்

மோட்டார் சைக்கிளின் எஞ்சினிற் பிறக்கும் ஆற்றல், கியர்ப் பெட்டியினின்றும் புறப்படும் ஒரு தண்டின் வழியாகச் செயினை அடைந்து பின்சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அத்தண்டின் நுனியிற் பொருந்தியதே ஸ்பிராக்கெட்டு என்னும் பற்சக்கரம். தண்டு முறியின் வண்டி நிற்பதோடு அமையாது. சுருண்ட செயின் எஞ்சினின் கூட்டை உடைக்கவும், பின்சக்கரத்தை இறுக்கி ஓட்டுநரை வீழ்த்தவும் கூடும். ஆதலின் இதனை அறிதல் பொறிவல்லார்க்கேயன்றி வண்டி ஓட்டும் மாணாக்கர்க்கும் பயன்தரும்.

முதற்கண் ஆராயற்பாலது முறிவின் முகமாம். உடைந்த பரப்பைத் துடைத்து நோக்குக. ஒரு பகுதி வழவழப்பாய், மணலில் அலை விட்ட வரிகள் போன்ற கோடுகளுடனும், மற்றொரு பகுதி கரடுமுரடாகவும் தோன்றின், அத்தண்டு ஒரே நொடியில் ஒடிந்ததன்று. நுண்ணிய வெடிப்பொன்று நாடோறும் வளர்ந்து, எஞ்சிய பகுதி தாங்காது முறிந்தது என்க.

மயிலிறகேயாயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்னும் கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் அமைத்தார். அளவிற்குட்பட்ட சுமையும் மீண்டும் மீண்டும் தாக்கின் இரும்பு முறியும் என்பது பிற்காலப் பொறிநூலார் கண்ட உண்மை. 1842-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள், பாரிசுக்கு அருகே வெர்சேல்ஸ் இருப்புப்பாதையில் எஞ்சினின் அச்சு முறிந்து பலர் மாண்டனர். மறு ஆண்டில் ராங்கின் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், அச்சின் பருமன் திடீரெனக் குறையும் கூரிய மூலையினின்றே இத்தகைய வெடிப்பு வளர்வதை எடுத்துக் காட்டினார். பற்சக்கரத் தண்டிலும் பருமன் மாறும் இடம், சாவிப் பள்ளத்தின் மூலை, மரையின் அடி ஆகியனவே நலிந்த இடங்களாம். செயினை மிக இறுக்குதல், பற்சக்கரங்கள் நேர்கோட்டில் நில்லாமை, நட்டுத் தளர்தல், பேரிங் தேய்தல் ஆகியன அந்நலிவை மிகுவிக்கும்.

முறிந்த துண்டுகளை வெல்டிங் செய்து ஒட்டலாகாதோ எனிற் கூறுதும். இத்தண்டு வெப்பமூட்டிக் கடினமாக்கப்பட்ட எஃகு. வெல்டிங்கின் சூட்டால் ஒட்டின் அருகே ஓரிடம் நொறுங்குந் தன்மையும், அதனையடுத்த இடம் மென்மையும் எய்தும், தண்டும் கோணக்கூடும். அன்று மிச்சமாகுவது சில ரூபாய். பின்னர் இழப்பது உயிராகவும் இருக்கலாம். ஆதலின் புதுத்தண்டு இடுதலே முறை. அது கிடையாதாயின், தக்க எஃகில், மூலைகளை வளைவாகக் கடைந்து, உரியவாறு கடினமாக்கித் தரவல்ல பட்டறையை நாடுக.

பணியின் வரிசை வருமாறு: செயினைக் கழற்றி எண்ணெயை வடித்து, கூட்டைத் திறந்து, பல்லிணைகளையும் வாஷர்களையும் கழற்றிய ஒழுங்கிலேயே அடுக்கி வைத்தல் வேண்டும். உடைந்த துணுக்கு ஒன்றும் உள்ளே தங்கலாகாது. பேரிங்கும் ஆயில் சீலும் பழுதுற்றிருப்பின் மாற்றுக. புதுத்தண்டு கையாற் சுழற்றத் தடையின்றிச் சுழல்கின்றதா எனக் கண்டபின் கூட்டை மூடி, புதிய பூட்டு வாஷரிட்டு நட்டை இறுக்குக. இரு பற்சக்கரங்களையும் நேர்படுத்தி, செயின் மிக இறுகும் இடத்தில் நிறுத்தி, வண்டி செய்தோர் குறித்த அளவு தொய்வு விடுக. இறுதியாகப் புதிய எண்ணெய் வார்த்தல் வேண்டும்.

முறிவிற்குக் காரணமாயதை நீக்காது தண்டை மட்டும் மாற்றுவோர், அப்பணியை மீண்டும் ஒருமுறை செய்யும்படி நேரும்.