உடல் நலத்திற்கு ஓர் அளவுகோல்

சுகமாயிருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், நோயில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். 1948ஆம் ஆண்டு அமலுக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் சாசனமோ உடல், உள்ளம், சமுதாய வாழ்வு ஆகிய மூன்றும் நிறைவுற்றிருப்பதே ஆரோக்கியம் என வரையறுத்தது. அத்தகைய நிறைவு எத்தனை பேருக்குக் கிட்டும்? ஆதலின் ஒவ்வொருவரும் தமக்கேற்ற அளவுகோலை வகுத்துக்கொள்வதே நன்று. அன்றாட வேலையை மூச்சு வாங்காமல் முடிக்க இயலுகிறதா? இரவில் உறக்கம் வருகிறதா? இரத்த அழுத்தம் அளவோடிருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு உடல் தானே விடை சொல்லாது. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலி ஏதும் காட்டாமலே இருதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். ஆகவே நலமுடன் இருப்பவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதனை அளந்து பார்த்தல் வேண்டும். அளவு 140/90க்குக் குறையாமல் மீண்டும் மீண்டும் காணப்படின் மருத்துவரின் யோசனை அவசியம். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். உப்பளங்கள் சூழ்ந்த தூத்துக்குடிச் சீமையில் கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

"வயலில் உழைக்கும் எங்களுக்குப் பயிற்சி எதற்கு?" என்று புதுக்கோட்டைப் பகுதி விவசாயிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் கூறியது. விதைப்புக் காலத்தில் இதனை உழவர் இரண்டொரு நாளிலேயே முடித்துவிடுவார். ஆனால் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலத்தில் அறுவடைக்குப் பின் வேலை ஏது? முன்பு நடந்து சென்ற தூரத்திற்கும் இன்று மோட்டார் சைக்கிள் இருக்கிறது. குறை நேருவது அந்தக் கோடை மாதங்களில்தான். அப்பொழுது வெயிலுக்கு முன்பாக நாள்தோறும் 10 நிமிடம் நடக்கத் தொடங்கி, சில வாரங்களில் 30 நிமிடமாக்கி, வாரம் ஐந்து நாட்கள் நடந்தால் 150 நிமிடம் ஆகிவிடும்.

கரிசல் மானாவாரியில் தாமிரபரணிப் பாசனத்தின் மகசூலை எவரும் எதிர்பார்ப்பதில்லை. உடலிடமும் அவ்வாறே. 80 கிலோ எடையுள்ளவர் ஒரே மாதத்தில் 20 கிலோ குறைக்க முற்படுவது வீண் முயற்சி. சில மாதங்களில் 4 கிலோ குறைத்தாலே இரத்த அழுத்தத்தில் பலன் தெரியக்கூடும். தராசு இல்லாவிடில் அளவு நாடா போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருத்தல் நலம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் இதில் வேலை உண்டு. கண்மாய்க் கரைப் பாதையில் முள்ளை அகற்றி இரண்டு விளக்குகள் அமைத்தால், விடியுமுன் பெண்களும் அச்சமின்றி நடப்பார்கள்.