கிராணி நாற்காலியும் கம்பார் பட்டமும்

அன்புள்ள தம்பிக்கு,

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த கையோடு ஈப்போவில் ஏதாவதொரு சாப்பாட்டுக் கடையில் நீ இதைக் கேட்டிருப்பாய்: "டிகிரி படிச்சவனே கிரேப் ஓட்டுறான், படிச்சு என்ன ஆகப்போகுது?" இதில் பாதிதான் உண்மை.

நம் தாத்தா காலத்துச் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தை நினைத்துப் பார். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. வாளியும் உளியுமாகச் சனம் வரிசையில் நிற்கும். விளக்கடியில் ஒருவர் மட்டும் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவார். அவர்தான் கிராணி, தோட்டத்துக் கணக்கர். பால்மரம் வெட்டியவருக்கு நாள்கூலி, லயத்து வீடு. கிராணிக்கு மாதச் சம்பளம், தனி வீடு. அவர் பெரிய மேதை என்பதால் அல்ல. ஆங்கிலத்தில் கணக்கெழுதத் தெரிந்தவர்கள் அந்த வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

அந்த அருமை பிறகு கரைந்தது. 1996-இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே பி.டி.பி.டி.என். என்ற உயர்கல்விக் கடன். 2007-இல் கம்பாரில், பழைய ஈயக் குட்டைகளின் ஓரத்தில், துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைக்குப் பட்டம் பக்கத்து ஊர்ச் சமாச்சாரமாயிற்று.

பட்டதாரிகளுக்கேற்ற வேலை நாற்காலிகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2019-இல் காட்டிய கணக்குப்படி, 2010 முதல் 2017 வரை ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 173,000 டிப்ளோமா, பட்டதாரிகள் வேலைச் சந்தையில் கூடினார்கள். உயர்திறன் வேலைகளோ ஏறத்தாழ 98,500 மட்டுமே. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், டிப்ளோமாக்காரரின் தொடக்கச் சம்பளம் 2010-இல் 1,458 வெள்ளி, 2018-இல் 1,376. இளங்கலைப் பட்டதாரிக்கு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது.

ஆனால் கூட்டம் கூடினாலே விலை விழும் என்பதும் சரியல்ல. அமெரிக்காவில் 1970-களில் பட்டதாரிகள் குவிந்தபோது அவர்களின் கூடுதல் ஊதியம் சுருங்கியது. 1980-களில் கணினி அலுவலகங்களுக்குள் நுழைந்ததும் மறுபடி ஏறியது. டச்சுப் பொருளியலாளர் யான் டின்பர்கன் இதைக் கல்விக்கும் தொழில்நுட்பத்துக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயமாகப் பார்த்தார். மலேசியாவில் கல்வி ஓடியது, தொழில்கள் மலிவான கூலியை நம்பி நடந்து வந்தன. பழியைப் பிள்ளைகள் மேல் போடுவது நியாயமே இல்லை.

இன்னொன்று. 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாக இருந்த குறைந்தபட்ச ஊதியம் 2025-இல் 1,700 ஆனது. பட்டதாரிக்கும் மற்றவருக்கும் உள்ள சம்பள இடைவெளி கீழிருந்தும் குறைகிறது.

இன்றும் பட்டதாரியின் நடுத்தரச் சம்பளம் எஸ்.பி.எம்.மோடு நின்றவரைவிடக் கணிசமாக அதிகம்தான். ஆகவே விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய். கடன் தாளில் கையெழுத்துப் போடுமுன், அதே துறையில் மூன்று ஆண்டுக்கு முன் முடித்த நாலு பேரைத் தேடிப் பிடித்து, என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று கூச்சப்படாமல் கேள். ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் முடித்த ஒருவரையும் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்