எண்ணெயின் சூட்டை அளக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

செட்டிபாளையம் கரி டிராக்கில் ஓட்டுவதற்காகத் தன் காருக்கு ஆயில் டெம்பரேச்சர் கேஜ் போட்டுத் தரச்சொல்லி ஒருவர் வந்திருப்பதாகவும், எந்தக் கம்பெனி கேஜ் நல்லது என்று கேட்டும் எழுதியிருந்தாய். 150 டிகிரி வரை காட்ட வேண்டும். சென்சார் தனியாகவும் விலைக்குக் கிடைக்க வேண்டும். எத்தனை டிகிரிக்கு எத்தனை ஓம் என்ற அட்டவணை பெட்டிக்குள் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் எதை வேண்டுமானாலும் வாங்கு. அட்டவணை தராத கேஜ் எவ்வளவு அழகாக மின்னினாலும் வேண்டாம். மற்றபடி உன் கவலையையெல்லாம் சென்சார் உட்காரும் இடத்துக்குக் கொடு. இந்த வேலையில் தப்பு நேர்ந்தால் பெரும்பாலும் அது ஊசியில் தெரியாது. எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் ஊசி நல்ல செய்தியே சொல்லிக்கொண்டிருக்கும்.

காரில்தான் ஏற்கெனவே ஒரு டெம்பரேச்சர் முள் இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். அது தண்ணீரின் சூடு. அதுவும் பல கார்களில், சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டது, ஓட்டுபவர் பதறக் கூடாதென்று. தண்ணீர் 90 டிகிரியைத் தொட்ட பிறகும் எண்ணெய் வெகுநேரம் பின்தங்கியே இருக்கும். டிராக்கில் கதை தலைகீழ். ரேடியேட்டர் தண்ணீரைக் கட்டுக்குள் வைத்திருக்கும்போதே எண்ணெய் 130-ஐத் தாண்டிவிடும். காற்றால் குளிரும் பழைய போர்ஷே 911-ல் தண்ணீரே கிடையாது, எண்ணெய் முள்ளைத்தான் நம்ப வேண்டும். பிஎம்டபிள்யூ இ46 எம்3-யில் ஆர்பிஎம் மீட்டரின் மேல்கோடியில் சில விளக்குகள் எரியும். எண்ணெய் சூடேறச் சூடேற அவை ஒவ்வொன்றாக அணையும். அதுவரை இஞ்சினை விரட்டாதே என்று அர்த்தம்.

இனி இடம். ஏற்கெனவே இருக்கும் ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அங்கே ஒரு டி-பீஸ் போட்டு, ஒரு பக்கம் பழைய சுவிட்ச், இன்னொரு பக்கம் புதுச் சென்சார் என்று முடிக்கச் சொல்பவர்கள் உண்டு. பிரஷர் சென்சாருக்கு அது சரி. நின்றுகொண்டிருக்கும் எண்ணெய் வழியாகவும் அழுத்தம் அப்படியே வந்து சேரும். சூடு அப்படி வராது. டி-பீஸின் அந்தக் கிளை ஒரு முட்டுச்சந்து. உள்ளே போன எண்ணெய் அங்கேயே கிடக்கும், இஞ்சினில் ஓடும் எண்ணெய் அதைத் தொடாது. வெளியே பித்தளை உடம்பில் காற்று வேறு படுகிறது. கேஜ் 95 காட்டும், உள்ளே 125 இருக்கும். சென்சாரின் முனை ஓடும் எண்ணெயில் நனைய வேண்டும் என்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதே.

சம்ப்பின் ட்ரெயின் போல்டுக்குப் பதிலாக வரும் சென்சார்கள் இருக்கின்றன. அங்கே எண்ணெய் நிறைய இருக்கும், காட்டும் அளவும் மோசமில்லை. ஆனால் நம் ஊர் வேகத்தடைகளில் முதலில் அடிபடுவது அதுதான், ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் ஒயரைக் கழற்றி மாட்ட வேண்டும். சம்ப்பின் பக்கவாட்டில் துளைபோட்டு நிப்பிள் வெல்டிங் வைப்பது உத்தமம், சம்ப்பைக் கழற்றி வெளியே எடுத்துச் செய்வதாக இருந்தால். கழற்றாமல் கிரீஸ் தடவிய டிரில்லால் போட்டுவிடலாம், பிசிறு உள்ளே விழாது என்பவன் பேச்சைக் கேட்காதே.

சாதாரணத் திருகு ஃபில்டர் உள்ள காருக்கு என் விருப்பம், ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் உட்காரும் சாண்ட்விச் பிளேட். ஃபில்டருக்குப் போகும் எண்ணெய் முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. மாருதியிலும் ஹோண்டாவிலும் ஃபில்டர் மரை பெரும்பாலும் எம்20×1.5. ஃபோக்ஸ்வாகன், டொயோட்டா பலவற்றில் 3/4 இன்ச், இன்ச்சுக்கு 16 மரை. ஆனாலும் என் பேச்சை நம்பி வாங்காமல், பழைய ஃபில்டரைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அளந்து வாங்கு. ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கம்பெனியே வைத்த ஆயில் கூலர் இருந்தால், உன் பிளேட் அதற்கு முன்னால் உட்காருகிறதா பின்னால் உட்காருகிறதா என்று பார்த்து வாடிக்கையாளரிடம் சொல்லிவிடு. குளிர்ந்த பிறகு அளப்பதும் ஓர் அளவுதான், ஆனால் வேறு அளவு.

பிளேட் வைப்பதற்கு முன் பிளாக்கைத் துடைத்து விரலால் தடவிப் பார். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்து, அதன்மேல் புது வளையம் உட்கார்ந்தால், ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்தில் எண்ணெய் தரையில் இருக்கும். பிளேட்டின் தடிமன் அளவுக்கு ஃபில்டர் வெளியே தள்ளி வரும். எக்ஸாஸ்டோ, ஸ்டியரிங் ராடோ உரசுகிறதா என்று பார்.

பிளேட்டில் சென்சாருக்கான துளை 1/8 இன்ச் என்று எழுதியிருக்கும். அங்கேதான் கண்ணி. அமெரிக்கக் கேஜ்கள் என்பிடி: இன்ச்சுக்கு 27 மரை, 60 டிகிரி கோணம். ஜப்பான் கேஜ்கள் பிஎஸ்பி வகை: 28 மரை, 55 டிகிரி. ஐரோப்பாவிலிருந்து எம்10×1-ம் வரும். நம் கோயம்புத்தூர் பம்ப் ஊர், இங்கே குழாய் மரை என்றாலே பிஎஸ்பி. லேத் பட்டறையில் மரை வெட்டும் 1/8 டேப் கேட்டால் பெரும்பாலும் அதுதான் கைக்கு வரும். என்பிடி சென்சார் அந்தத் துளையில் முதல் ஒன்றிரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், பிறகு இறுகும். நன்றாக டைட் ஆகிவிட்டது என்று தோன்றும். அலுமினியத்தில் அந்த இறுக்கத்தை நம்பினால் ஒன்று கசியும், இல்லையென்றால் பிளேட் விரிசல் விடும். சரியான மரையாக இருந்தாலும் என்பிடி கூம்பு மரை, அடிவரை போய் முட்டாது. கையால் முடுக்கி, ஸ்பேனரில் ஒன்றரைச் சுற்று, கூடினால் இரண்டு. அடைப்புப் பசையை முதல் மரையை விட்டுவிட்டுப் பூசு. டெஃப்லான் டேப்பின் நூல் ஒன்று பிய்ந்து எண்ணெயோடு போனால் அது எங்கே போய் அடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது எர்த். ஒற்றை ஒயர் சென்சார் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. இந்தச் சென்சார்களில் சூடு ஏற ஏற ஓம் குறையும். 100 டிகிரிக்கு மேல் சில வகைகளில் சில பத்து ஓம்தான் மிச்சம். அந்த நிலையில் துருப்பிடித்த எர்த் ஒயர் ஐந்தாறு ஓமைக் கூட்டினாலே கேஜ் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஒயரே அறுந்தாலும் சாதாரண ஊசிக் கேஜ் ‘சூடே இல்லை’ என்றுதான் சொல்லும். ஆகவே எல்லாம் மாட்டிய பிறகு இஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஃபேனையும் போடு. போட்ட கணமே ஊசி நகர்ந்தால் எர்த் சரியில்லை. எண்ணெயின் சூடு அவ்வளவு சட்டென்று மாறாது. முடிந்தால் இரட்டை ஒயர் சென்சார் வாங்கிவிடு, இந்தத் தொல்லையே இல்லை.

பிளேட்டில் ஏற்றுவதற்கு முன்பே சென்சாரைக் கொதிக்கும் தண்ணீரில் முனை மட்டும் முக்கி, மல்டிமீட்டரில் ஓம் பார்த்து அட்டவணையோடு ஒப்பிடு. உன் பட்டறை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கே தண்ணீர் 98.5 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். ஊட்டியில் என்றால் 92, 93. அந்த ஓமை பானட்டின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டு, மரை எந்த வகை என்பதையும் சேர்த்து. பின்னால் அந்தக் காரில் கை வைப்பவன் நீயாக இல்லாமலும் போகலாம்.

ஒயரிங் உனக்குத் தெரியும், ஃபியூஸ் போட மறக்காதே. இஞ்சின் குலுங்கும், ஒயரைக் கொஞ்சம் தளர விடு. கேஜை முன்கண்ணாடிப் பக்கத் தூணில் வைக்கச் சொல்வார்கள், படங்களில் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். தூணில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் மறுத்துவிடு. அது விரியும்போது கேஜ் முகத்துக்குத்தான் வரும்.

முதல் தடவை ஓடவிட்டு நிறுத்திய பிறகு ஆயில் அளவைப் பார், பிளேட்டுக்குள் கொஞ்சம் போயிருக்கும். ஆறிய பிறகு பிளேட்டின் நடு போல்டை டார்க் ரெஞ்சில் மறுபடி சரிபார்.

கார் எடுக்க வருகிறவரிடம் எண்களையும் சொல்லி அனுப்பு. 80-க்குக் கீழே இஞ்சினை விரட்ட வேண்டாம். சாலையில் 90 முதல் 110 வரை சாதாரணம். நல்ல சிந்தெடிக் ஆயில் என்றால் டிராக்கில் 120-ம் பயமில்லை. 130-ஐத் தொட்டு இன்னும் ஏறினால் (பிரஷர் கேஜும் இருந்தால் அது இறங்குவதையும் பார்ப்பார்) அந்தச் சுற்றோடு நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவது என்றால் பிட்டுக்கு வந்து சாவியைத் திருப்புவதல்ல. மேல் கியரில், குறைந்த ஆர்பிஎம்மில், காற்று வாங்கிக்கொண்டு ஒரு சுற்று மெதுவாக வரட்டும். ஒவ்வொரு முறையும் நாலாவது சுற்றிலேயே 130 வந்தால் திரும்ப உன்னிடம் வரச்சொல். அப்போது ஆயில் கூலர் பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்